கால் அங்குலப் பாலமும் நூறு கைநாட்டும்

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லிக் கேட்டால் இன்னும் கேவலமாக இருக்கும்.

அரசாங்கத்தில் முப்பத்திரண்டு வருடம் பிளான் வரைந்தவன் நான். அந்தக் காலத்தில் சிலாங்கூர் ஆற்றின்மேல் ஒரு பாலம் கட்டினேன். சிமெண்டு கிடையாது, கம்பி கிடையாது, குத்தகையாளர் கிடையாது. ஒரு மைப்பேனாவும் ஓர் அடிமட்டமும்தான். நீளம் கால் அங்குலம். கட்டி முடிக்க ஒரு தும்மல் போடும் நேரம் ஆனது. அந்தப் பாலத்தில் இன்றுவரை ஒரு கோழிகூட நடந்ததில்லை. ஆனால் அதை நம்பி, ஒரு தோட்டத்தின் பாதிச் சனத்தை ஓட்டுப் போட அக்கரைக்கு அனுப்பப் பார்த்தார்கள்.

எந்த அலுவலகத்தில் வேலை பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். ஓய்வூதியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. கோலசிலாங்கூர்ப் பக்கம், மாடியில் ஒரு நீள அறை, அவ்வளவு போதும். போன மாதம் அங்கே ஒரு வேலையாகப் போனபோது, இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் கம்ப்யூட்டரில் வரைபடத்தை இப்படியும் அப்படியும் இழுத்துக் காட்டினாள். "இதுல தப்பே வராது அங்கிள்" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "என்ன அங்கிள், ஏதோ கதை இருக்கு போலலா? எழுதிக் குடுங்க, நம்ம ஓய்வூதியர் மலர்ல போடுவோம்" என்றாள். இதோ எழுதுகிறேன். மலரில் என் படத்தைப் போடவேண்டாம்.

படிப்பு, பயிற்சி எல்லாம் இரண்டு வரியில் முடியும். ஒன்பதாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். கட்டை என்றால் எங்கள் பக்கத்தில் மைல். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. நான் மரத்தில் கோடு போட்டால் மரம் செத்துவிடும் என்று கண்டுகொண்டவர், காகிதத்தில் போடட்டும் என்று படிக்கவைத்தார். ஆறு மாதம் பயிற்சி, இரண்டு வருடம் பென்சில் சீவல், பிறகு மைப்பேனா.

என் மேலதிகாரி தலைமை வரைவாளர் என்சிக் ஷாரிப். என்சிக் என்றால் மலாயில் ஐயா. அவர் மேசைமேல் ஆறு பென்சில்கள், கடினத்திலிருந்து மென்மை வரை வரிசையாகப் படுத்திருக்கும். தேநீர்க் கோப்பைக்கு ஒரு தகர மூடி. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. திட்டியிருந்தால் தேவலை. நாம் வரைந்ததைக் கொண்டுபோய் வைத்தால், ஏதாவது ஒரு கோட்டின்மேல் பென்சில் நுனியை வைத்து மெதுவாகக் கேட்பார்: "டி மானா தெர்தூலிஸ்?" எங்கே எழுதியிருக்கு? அதாவது, களத்துக்குப் போய் அளந்தவர்கள் எழுதிய குறிப்பேட்டில் அது எந்தப் பக்கத்தில், எந்த வரியில் இருக்கிறது? காட்டினால் அடுத்த கோட்டுக்குப் போவார். காட்ட முடியாவிட்டால் பாதிப் பிளேடை நம் பக்கம் நகர்த்துவார். காய்ந்த மையைச் சுரண்டி எடுக்கச் சவரப் பிளேடைப் பாதியாக உடைத்து வைத்திருப்போம். ஒரு கோட்டைப் போட ஒரு நிமிடம் என்றால், காகிதம் கிழியாமல் சுரண்ட அரைமணி நேரம். அப்படி அவரிடம் நான் கற்றது ஏராளம். பாலம் கட்டிய அன்று மட்டும் அவர் நோன்புப் பெருநாள் விடுப்பில் இருந்தார்.

அது எண்பதுகளின் தொடக்கம். மாவட்டத்தின் சாலை, ஆறு, தோட்டம், கம்பம் என்னும் மலாய்க் கிராமம் எல்லாம் அடங்கிய பெரிய பிளான் ஒன்றைப் புதிதாக வரைந்து மேலிடத்துக்கு அனுப்பவேண்டும். பழைய தாளில் ஓர் இடம் என் கண்ணை உறுத்தியது. ஆற்றின் இந்தக் கரையில் ஒரு மண்சாலை வந்து நிற்கிறது. நேர் எதிரே, அந்தக் கரையில் இன்னொரு மண்சாலை தொடங்குகிறது. நடுவில் ஒன்றுமில்லை. "பாவம், முன்னால் வரைந்தவர் பாலத்தை மறந்துவிட்டார்" என்று பரிதாபப்பட்டேன். பரிதாபப்பட்டதோடு நிற்காமல், இரண்டு இணைகோடுகள் போட்டு, ஓரங்களில் அழகாகச் சிறகு வைத்து, பாலத்தைக் கட்டிக் கொடுத்தேன். நான் பிறந்த தோட்டத்திலிருந்து ஒரு கட்டை தூரம்தான். அந்த இடத்தில் சிறுவயதில் மீன்பிடித்திருக்கிறேன். ஆனால் தாளில் குனிந்துவிட்டால் எனக்கு ஆறு என்பது நீல மைதான். அதில் தண்ணீர் ஓடும் என்பது நினைவுக்கே வரவில்லை.

அடுத்த வருடம் தேர்தல் தொகுதிகளின் எல்லையைத் திருத்தும் வேலை வந்தது. மேலிருந்து வந்த முன்மொழிவு எங்கள் பிளானின்மேலேயே சிவப்புக் கோடாக வந்தது. அதற்கு நகல்கள் எடுத்து ஊர் ஊராக ஒட்டவேண்டும். ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம். நகல் எடுக்கும் இயந்திரத்தின் அம்மோனியா நெடியில் நாங்கள் எல்லாரும் துக்க வீட்டுக்குப் போய்வந்தவர்கள்போலக் கண்ணீர் விட்டோம். மூன்று நாள் சிவப்பு மையால் கோட்டின்மேல் கோடு போட்டேன். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு போட்டேன். கோடு எந்த ஊரை எங்கே தள்ளுகிறது என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்கிறதா என்பதுதான் என் கவலை.

நகல்களைச் சுருட்டி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஒட்டும் வேலைக்கும் நானே போனேன். ஒன்பதாங்கட்டைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது. பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு ஆட்கள் தோட்டத்துக் கணக்கரான கிராணியின் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார்கள். சுவரில் பசை தடவி ஒட்டியவுடன் கூட்டம் கூடிவிட்டது. முன்னால் வந்து நின்றவர் அஞ்சலை அக்கா. ஆற்றோர லயத்தில், அதாவது ஆற்றை ஒட்டிய தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கையில் இன்னும் பால்வாளி.

"என்னடா மணியம், சினிமா போஸ்டரா?"

"போஸ்டர் இல்லக்கா, பிளான். தொகுதி எல்லையை மாத்தப் போறாங்க. பாத்தீங்களா கோட்டை? எல்லாம் நான் போட்டது."

"நீயா போட்ட?"

"என் கையால."

"அப்ப நம்ம லயம் எங்க இருக்கு, காட்டு."

நான் கம்பீரமாக விரலை வைத்தேன். விரல் சிவப்புக் கோட்டோடு நகர்ந்தது. கோடு நெல்வயல் பக்கமாக அக்கரையில் வந்தது. ஆற்றங்கரைக்கு வந்தது. ஆற்றைத் தாண்டிக் குதித்தது. ஆற்றோர லயத்தை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி அள்ளிக்கொண்டு திரும்பவும் அக்கரைக்கே போய்விட்டது. என் விரல் அங்கேயே நின்றது.

"என்னண்ணே, வெரலு ஒட்டிக்கிச்சா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"லயம் வந்துக்கா... அந்தப் பக்கத்துத் தொகுதியில வருது."

"எந்தப் பக்கம்?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம்."

"லயம் இந்தப் பக்கந்தானடா நிக்கிது?"

"நிக்கிறது இந்தப் பக்கம். ஓட்டு அந்தப் பக்கம்."

அஞ்சலை அக்கா வாளியைக் கீழே வைத்தார். வாளியைக் கீழே வைத்தால் விஷயம் பெரியது என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். "அப்ப வர்ற எலெக்‌ஷனுக்கு நான் எங்க போயி ஓட்டுப் போடணும்?"

"அக்கரையில, வயக்காட்டுல ஒரு ஸ்கூலு இருக்குல்ல, அங்க."

"எப்படிப் போறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் பிளானைப் பார்த்தேன். அப்போதுதான் என் பாலத்தைப் பார்த்தேன். சிவப்புக் கோடு சரியாக அதன்மேல்தான் ஆற்றைத் தாண்டியிருந்தது. மேலே உட்கார்ந்து கோடு போட்டவர்கள் யோக்கியர்கள். 'பாலம் இருக்கிறது, ஐந்து நிமிட நடை, இவர்களை அங்கே சேர்த்தால் கணக்குச் சரியாக வரும்' என்று நினைத்திருக்கிறார்கள். உண்மையில் அங்கே இருந்தது ஹாஜி சாலேயின் சம்பான் துறை. இரண்டு சாலைகளும் ஆற்றங்கரையில் நின்றதற்குக் காரணம், அங்கே ஆட்கள் இறங்கிப் படகில் ஏறுவதுதான். சுற்றிப் போவதானால் டவுனுக்குப் போய் இரண்டு பஸ் மாறவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த பஸ் வந்தால்தான் வந்ததாக அர்த்தம்.

மற்றவர்கள் முனகிக்கொண்டு சம்பானில் ஏறிவிடுவார்கள். அஞ்சலை அக்கா ஏறமாட்டார். ஐந்தாறு வயதில் கப்பலில் இந்த நாட்டுக்கு வந்தவர். வழி முழுக்கக் குடல் வெளியே வரும்வரை வாந்தி. கரையில் இறங்கிய அன்று, இனி மரத்தில் செய்த எதிலும் ஏறித் தண்ணீரில் போவதில்லை என்று மாரியம்மன்மேல் சத்தியம் செய்துவிட்டார். அக்கரையில் தங்கை மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. இக்கரையில் நின்று அட்சதை போட்டார்.

இன்னொன்று. அதுதான் முக்கியம். அதுவரை அவர் ஓட்டே போட்டதில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாததால் சிவப்பு அட்டைக்காரராகவே இருந்தார். இந்த நாட்டில் இருக்கலாம், உழைக்கலாம், ஓட்டுப் போட முடியாது. நீல அட்டைக்கு மனுப் போட்டுப் பதினோரு வருடம் காத்திருந்தார். இரண்டுமுறை மலாய்மொழித் தேர்வில் தள்ளிவிட்டார்கள். மூன்றாம் முறை தேறி, அட்டையை வாங்கி, வாக்காளராகப் பதிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வரப்போவது அவருடைய முதல் ஓட்டு.

"கோட்டை அழிச்சிட்டுப் போ" என்றார்.

"அழிக்க முடியாதுக்கா."

"ஏன், ரப்பர் இல்லயா?"

"இது மேல உள்ளவங்க முடிவுக்கா. நான் வெறும் கை."

"இப்பத்தான ஒன் கையின்னு அந்தப் பீத்து பீத்துன?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். பாலத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்த மாதம் எனக்குப் பதவி உயர்வு நேர்முகம் இருந்தது. வீட்டில் மனைவி இப்போதே என்னைப் பெரிய அதிகாரியாக நடத்தத் தொடங்கியிருந்தாள். காலையில் முட்டை எல்லாம் வந்தது. அதைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை.

குற்றவுணர்ச்சி உள்ளவனுக்குச் சுறுசுறுப்பு அதிகம். நூறு வாக்காளர்கள் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் ஆட்சேபத்தை விசாரித்தே ஆகவேண்டும் என்ற விதியை நான்தான் அவர்களுக்குச் சொன்னேன். மனுவையும் நானே எழுதினேன், பெயர் போடாமல். வீடு வீடாகப் போய் அஞ்சலை அக்கா ஆள் சேர்த்தார். நான்கே நாளில் நூற்றிப் பதினெட்டுப் பேர். பாதிக்கு மேல் கைநாட்டு. தோட்டத்து மேஸ்திரியான மண்டோர் ஒருவர் அதைச் சைக்கிளில் எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்தபோது, நான் முன்பின் பார்த்திராதவன்போல வாங்கி என்சிக் ஷாரிப் முன்னால் வைத்தேன். முதல் சரிபார்ப்பு அவர் பொறுப்பு.

அவர் மனுவைப் படிக்கவில்லை. எழுத்தைப் பார்த்தார். "மணியம், அந்தத் தோட்டத்தில் வரைவாளர் யாராவது இருக்கிறார்களா?"

"இல்லை, என்சிக்."

"பிளானில் ஊர்ப்பெயர் எழுதும் எழுத்து இது. 'ஆட்சேபம்' என்பதற்குக் கீழே வடக்குத் திசை அம்புக்குறி மட்டும்தான் இல்லை."

நான் கூரையைப் பார்த்தேன். அவர் வாக்காளர் பட்டியலை எடுத்தார். மனுவில் முதல் பெயருக்குக் கீழே அடிமட்டத்தை வைத்தார். நான் படிக்க, அவர் பட்டியலில் தேட, இருந்தால் நீலப் பென்சிலில் ஒரு புள்ளி. இல்லாவிட்டால் சிவப்பில் ஒரு கோடு. அடிமட்டம் ஒவ்வொரு பெயராக இறங்கியது. ஒன்றைக்கூட ஊகத்தில் விடவில்லை. முப்பத்தோராம் பெயர் இறந்துபோன ஆள். 'அவரு ஒரு எலெக்‌ஷன்கூட விட்டதில்ல' என்று மனைவி அவருக்காகவும் நாட்டியிருக்கிறார். மூன்று பேருக்கு இருபத்தொரு வயது ஆகவில்லை. அது போகட்டும். சிவப்பு அட்டைக்காரர்கள் பத்தொன்பது பேர் இருந்தார்கள். மனுவை எழுதிய மேதாவிக்கு, ஓட்டுரிமை உள்ளவர்கள்தான் கையெழுத்திட வேண்டும் என்று சொல்லத் தோன்றவில்லை. மனு வந்திருக்கிறது என்றவுடன் முதலில் ஓடிவந்து நாட்டியவர்கள் அவர்கள்தான். இதிலாவது எங்கள் விரல் இருக்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ. பத்தொன்பதாவது சிவப்புக் கோட்டைப் போட்டுவிட்டு என்சிக் ஷாரிப் பென்சிலைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

"தொண்ணூற்றைந்து" என்றார். "வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

அன்று மாலையே தோட்டத்துக்கு ஓடினேன். செய்தியைச் சொன்னதும் அஞ்சலை அக்கா என்னைப் பார்த்த பார்வையில் ரப்பர் மரம் பால் கொடுப்பதை நிறுத்தியிருக்கும். ஆற்றோர லயத்தில் மிச்சம் வாக்காளர் யாருமில்லை. தோட்டத்தின் மற்றப் பிரிவான மேல் டிவிஷன்காரர்களுக்கு இது வேறு தொகுதி விவகாரம். ஐந்து பேருக்கு எங்கே போவது?

"ஹாஜி!" என்றார் அக்கா திடீரென்று.

சம்பான்காரர் ஹாஜி சாலேயின் வீடு லயத்துக்குப் பின்னால், அதே சிவப்புக் கோட்டுக்குள். நாற்பது வருடமாகத் தோட்டத்து ஆட்களோடு பழகியவர், எங்கள் தமிழை எங்களைவிடச் சுருக்கமாகப் பேசுவார். எனக்குத் தயக்கம். நூறு பேர் ஆற்றைத் தாண்ட வேண்டியிருந்தால் சம்பான்காரருக்குத்தானே கொண்டாட்டம்? அவர் ஏன் ஆட்சேபிக்கப் போகிறார்?

ஹாஜி மனுவைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார். "ஒரு தடவ நாலு ஆளு ஏத்துறேன். தண்ணி எறங்கிட்டா சும்மா ஒக்காரணும். ஊரு பூரா ஒரே நாள்ல போனா, ஓட்டு எண்ணி முடிச்சி மூணாம் நாளுதான் கடைசி ஆளு போய்ச் சேரும். குடு, குடு பேனா." பிறகு அஞ்சலை அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த அம்மா ஏறினா அங்கயே வாந்தி எடுக்கும். எனக்கு இருக்கறது ஒரு சம்பான்லா."

"ஒங்க சம்பான்ல ஏறுறதுக்குப் பதிலா நான் மொதலைக்கே ஓட்டுப் போட்டுட்டுப் போவேன்" என்றார் அக்கா.

ஹாஜி, அவர் மனைவி, இரண்டு மகன்கள். தொண்ணூற்றொன்பது.

நூறாவது ஆள் யார் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். எனக்குத்தான் தெரியவில்லை. மறுநாள் என்சிக் ஷாரிப் பட்டியலைத் திறந்து, ஆற்றோர லயம் பக்கத்தில் ஒரு பெயரின்மேல் பென்சில் நுனியை வைத்து என் பக்கம் திருப்பினார். என் பெயர். டவுன் குவார்ட்டர்ஸுக்குக் குடிபோய் ஆறு வருடமாகியும், சோம்பேறித்தனத்தால் பதிவை மாற்றவில்லை.

"என்சிக், நான் போட்ட கோட்டுக்கு நானே ஆட்சேபம் தெரிவிக்கலாமா? கூடாது இல்லையா?"

"கூடாது என்று எங்கே எழுதியிருக்கு?"

பிளானில் எழுதும் எழுத்தில் என் பெயரை நூறாவதாக எழுதினேன்.

விசாரணை டவுனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மேலிடத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் தலைவர்; நரைத்தவர், பொறுமைசாலி, காலையிலிருந்து பத்து ஊர்ச் சண்டையைக் கேட்டுக் களைத்திருந்தார். நான் பிளானைத் தாங்கியில் மாட்டிவிட்டு ஓரமாக நிற்க வந்தவன். எங்கள் மனுவின் முறை வந்தபோது மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. அவருடைய மோட்டார் சைக்கிள் வழியில் படுத்துவிட்டதாம். தலைவர் சுற்றிப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து என்சிக் ஷாரிப் என் பக்கம் மோவாயை நீட்டினார்.

அஞ்சலை அக்காவும் ஹாஜியும் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். அக்கா பட்டுச்சேலை கட்டியிருந்தார். தலைவர் பிளானைப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்: "சிரமம் என்கிறீர்கள். ஆனால் இங்கே பாலம் இருக்கிறதே. நடந்தே போய்விடலாம்."

மண்டபத்தில் எனக்கு மட்டும் வியர்த்தது. அக்காவின் பக்கம் திரும்பினேன். "ஆறு எவ்வளவு அகலம்னு கேக்குறாரு, அக்கா."

"அகலமா? அவர வந்து நீந்திப் பாக்கச் சொல்லு."

தலைவர் பக்கம் திரும்பினேன். "பாலம் ரொம்பப் பழசு என்கிறார், துவான்."

இதைச் சொல்லி முடித்தபோதே தெரிந்தது, நான் கட்டிய பாலத்துக்கு இப்போது வயதும் கொடுத்துவிட்டேன் என்று. ஹாஜி சாலேக்கு இரண்டு மொழியும் தெரியும் என்பதை மறந்துவிட்டேன். அவர் எழுந்தே விட்டார்.

"பழசா? துவான், அந்த இடத்தில் நான் முப்பது வருடமாகச் சம்பான் ஓட்டுகிறேன். அங்கே பாலம் இருந்தால், முப்பது வருடமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?"

"என்னடா சொல்றாரு ஹாஜி?" என்றார் அக்கா.

நான் வாயைத் திறப்பதற்குள் ஹாஜியே தமிழில் சொல்லிவிட்டார்: "பாலம் இருக்காம் அஞ்சலை. நம்ம மணியம் பழசுன்னு சொல்றான்."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு பிளானைப் பார்த்தார். எழுந்து போய், தாங்கியில் மாட்டியிருந்த என் பாலத்தின்மேல் விரலை வைத்து, "இதாடா?" என்றார்.

"யார் வரைந்தது இது?" என்றார் தலைவர்.

"நான்தான், துவான்."

பின்வரிசையிலிருந்து அந்த மெல்லிய குரல் வந்தது. "எங்கே எழுதியிருக்கு, மணியம்?"

"எங்கேயும் எழுதியில்லை, என்சிக். இரண்டு பக்கமும் சாலை இருந்தது. நானே சேர்த்துவிட்டேன்."

தலைவர் கண்ணாடியை மூக்கில் இறக்கி மனுவைப் புரட்டினார். கடைசிப் பெயரில் நின்றார். "இந்த நூறாவது ஆட்சேபக்காரர்?"

"அதுவும் நான்தான், துவான்."

"வரைந்தது நீ. ஆட்சேபிப்பது நீ. மொழிபெயர்ப்பது நீ. நாங்கள் மூன்று பேரும் வீட்டுக்குப் போகட்டுமா?"

மண்டபம் அதிர்ந்தது. அஞ்சலை அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நான் மொழிபெயர்க்கத் திரும்பியபோது கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். பிறகு தலைவரைப் பார்த்து, நீல அட்டைத் தேர்வுக்காக மூன்றுமுறை உருப்போட்ட மலாயில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"துவான். பதினோரு வருடம் நான் அட்டைக்குக் காத்திருந்தேன். அப்போது துவான்மார் என்னைக் கேட்டார்கள், இந்த நாடு உனக்குத் தெரியுமா என்று. தெரியும் என்று சொல்லிக் காட்டினேன். இப்போது நான் கேட்கிறேன். துவானுக்கு இந்த ஆறு தெரியுமா? நான் நடந்து போய் ஓட்டுப் போடுவேன். எவ்வளவு தூரமானாலும் நடப்பேன். தண்ணீர்மேல் நடக்க எனக்குத் தெரியாது."

தலைவர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். எனக்குத் தலைகீழாகத் தெரிந்தாலும் முதல் சொல்லைப் படிக்க முடிந்தது: 'ஆற்றை'. மீதியைப் படிக்கத் தைரியம் இல்லை.

அலுவலகம் திரும்பியதும் என்சிக் ஷாரிப் மூலப் பிளானை என் மேசையில் விரித்தார். பாதிப் பிளேடை நகர்த்தினார். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூடியைத் திறந்து தேநீர் குடித்தார். நான் பாலத்தைச் சுரண்டினேன். கால் அங்குலம்; ஒன்றே கால் மணி நேரம். பிறகு நாற்பத்திரண்டு நகல்களிலும் ஒவ்வொன்றாக. அதற்குப் பிறகு நில அளவைச் சங்கிலி பிடிக்கும் சங்கிலிக்காரர் ஒருவரோடு என்னை ஆற்றங்கரைக்கு அனுப்பி, அந்த இடத்தின் அகலத்தை அளந்து குறிப்பேட்டில் எழுதி வரச்சொன்னார். ஹாஜியின் சம்பானில்தான் போனேன். ஹாஜி என்னிடம் கட்டணம் வாங்கவில்லை. "நீ பாலத்துல நடந்து போ" என்று ஒருமுறை சொன்னதோடு சரி. பதவி உயர்வு மூன்று வருடம் தள்ளிப்போனது. வீட்டில் முட்டை நின்றது. தோட்டத்தில் என் பெயர் பாலங்கட்டி மணியம் ஆனது. இன்றும் அங்கே போனால் கிழவர்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

இறுதி முடிவு வந்தபோது சிவப்புக் கோடு ஆற்றின் நடுவிலேயே அடக்கமாக ஓடியது. ஆற்றோர லயம் இருந்த இடத்திலேயே இருந்தது. புதிய நகலை ஒட்டவும் நானே போனேன். இந்தமுறை வாயைத் திறக்கவில்லை. அஞ்சலை அக்கா வந்து பார்த்தார். தன் லயம் எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காமல் தானே கண்டுபிடித்தார். ஆற்றின்மேல் விரலை வைத்து மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தார். ஏதும் தட்டுப்படவில்லை. திரும்பிப் போய்விட்டார். விசாரணை நாளிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை.

அடுத்த பொதுத்தேர்தல் வந்தது. வாக்குச்சாவடி வழக்கம்போலத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. என் ஓட்டும் அங்கேதான். பதிவை இன்னும் மாற்றவில்லை, இந்தமுறை வேண்டுமென்றே. நான் போனபோது வரிசை மைதானம்வரை நீண்டிருந்தது. கதவு திறப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே வந்து முதல் ஆளாக நின்றவர் அஞ்சலை அக்கா என்று சொன்னார்கள். அதே பட்டுச்சேலை. தலையில் கனகாம்பரம். கையில் நீல அட்டை, பிளாஸ்டிக் பைக்குள், அந்தப் பை இன்னொரு பைக்குள்.

வேலியோரம் சிலர் கூடி நின்றார்கள். எல்லாரையும் எனக்குத் தெரியும். சிவப்புக் கோடு விழுந்த அந்தப் பத்தொன்பது பேரில் பலர். ஓட்டு இல்லாவிட்டாலும் பார்க்க வந்திருந்தார்கள். அக்கா உள்ளே போனதும் பேச்சு நின்றுவிட்டது.

நேரம் ஆனது. ஒரு ஓட்டுப் போட இவ்வளவு நேரம் எடுத்தவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. உள்ளே தாளை நாலாய் மடிப்பதா எட்டாய் மடிப்பதா என்று அதிகாரியிடம் கேட்டாராம். பிறகு வெளியே வந்தார். படியில் நின்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். சிரிக்கவில்லை, அழவில்லை. வேலியோரம் நின்றவர்களைப் பார்த்து ஒருமுறை தலையை ஆட்டினார். அவர்களும் ஆட்டினார்கள்.

நான் வரிசையை விட்டு அவரிடம் ஓடினேன். எத்தனை மாதம் பேசாமல் இருந்திருக்கிறோம், இதுதான் சமயம் என்று தோன்றியது. நூறாவது கையெழுத்துப் போட்டவன், பதவி உயர்வைப் பறிகொடுத்தவன் என்ற உரிமையும் கொஞ்சம் இருந்தது என்று வையுங்கள்.

"அக்கா, போட்டாச்சா? யாருக்குக்கா போட்டீங்க? எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

அட்டையைப் பைக்குள் வைத்து, அந்தப் பையை இன்னொரு பைக்குள் வைத்துவிட்டு, அஞ்சலை அக்கா சொன்னார்:

"அது எனக்கும் ஓட்டுப் பொட்டிக்கும் மட்டுந்தான்டா தெரியும்."